பையும் பாதையும்: கண்டி மலைநாட்டு நடைவரைவுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஓவியங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓவியம் முடிந்து, சட்டமிடப்பட்டு, சுவரில் ஏறிய பின்னரே தமது பணியைத் தொடங்குகின்றனர். வர்ணச் சேர்க்கை, அமைப்பு, ஒளி, நிழல் என்பன அங்கே விரிவாகப் பேசப்படும். அவ்வோவியம் எத்தகைய கருவிகளைக் கொண்டு ஆக்கப்பட்டது, அக்கருவிகள் எவ்வளவு பாரமானவை, அப்பாரம் யாருடைய தோளில் இருந்தது என்னும் வினாக்கள் கலைக்குப் புறம்பானவை எனத் தள்ளப்படுவதே வழக்கம். அறையில் இருந்து தீட்டப்படும் ஓவியத்துக்கு இத்தள்ளுபடி ஓரளவு பொருந்தலாம். மலைவழியே நடந்து சென்று, நின்ற இடத்திலேயே வரையப்படும் சித்திரத்துக்கு அது சிறிதும் பொருந்தாது. அங்கே பையின் கனம் கையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கையின் வேகம் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. நடைவரைவு எனச் சொல்லத்தக்க இக்கலைவடிவத்தில் சுமை என்பது அழகியற் பிரச்சினையாகவும் சமூகப் பிரச்சினையாகவும் ஒருங்கே அமைகின்றது. கண்டியையும் அதனைச் சூழ்ந்த பிரதேசத்தையும் வரைந்தோரின் ஆக்கங்களை இக்கோணத்திலிருந்து நோக்குதல் பயனுடையது.

தமிழிலக்கிய மரபுக்கு இது புதிய செய்தியன்று. பத்துப்பாட்டில் இறுதியாக வைத்தெண்ணப்படும் மலைபடுகடாம் தொடங்குவதே கூத்தர் தமது இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து செல்லுங் காட்சியோடுதான். 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டிற் பெருங்கௌசிகனார் வழுக்கும் பாறைகளையும், மறைந்து கிடக்கும் குழிகளையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரித்துச் சொல்கிறார். நன்னனின் மலையை வருணிக்கும் புலமை அம்மலையில் ஏறும் காலின் நோவை மறக்கவில்லை. கலைஞன் என்பவன் அங்கே முதலிற் சுமப்பவன், பின்னர் நடப்பவன், அதன் பின்னரே பாடுபவன். பிற்காலத்தில் 'இயற்கைக் காட்சி' என்ற பெயரோடு மேல்நாட்டிலிருந்து வந்த ஓவியமரபு மலையை வைத்துக்கொண்டு காலை விட்டுவிட்டது.

அம்மரபு இங்கு வந்து சேர்ந்த விதமும் கவனத்திற்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீர்வர்ண ஓவியர் வர்ணப் பொடியைத் தாமே அரைத்துப் பிசினோடு கலக்க வேண்டியிருந்தது. இலண்டனில் றீவ்ஸ் சகோதரர் செய்த வர்ணக்கட்டிகள் 1781இற் பரிசுபெற்றன. 1795இற் பிரான்சிற் கொன்ரே என்பவர் காரீயப் பொடியைக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டு, வேண்டிய கருமையிற் பென்சில் செய்யும் முறையை வகுத்தார். 1830களில் வின்சர் அன்ட் நியூட்டன் நிறுவனம் ஈரம் வற்றாத சிறு வர்ணவில்லைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1841இற் பிதுக்கி எடுக்கத்தக்க தகரக் குழாயும் வந்தது. ஒரு மேசையை நிறைத்த கருவிகள் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கின. இவற்றை ஆவலோடு வாங்கியோர் ஓவியர் மாத்திரமல்லர். படை அதிகாரிகளும் நிலஅளவையாளருமாவர். வூல்விச் இராணுவக் கல்லூரியில் 1768 முதல் நீண்டகாலம் சித்திரம் கற்பித்தவர் போல் சான்ட்பி என்ற பெயர்பெற்ற நிலக்காட்சி ஓவியரே. கண்டி இராச்சியம் 1815இற் பிரித்தானியர் கைப்பட்டது. நான்கு ஆண்டுகளில், 1819இல், 73ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த வில்லியம் லிற்றில்ரன் என்னும் கப்டன் வரைந்த இலங்கைக் காட்சிகள் இலண்டனில் அச்சேறின. மலையை வரைதலும் மலையைப் பிடித்தலும் ஒரே பயிற்சியின் இரு கூறுகளாயிருந்தன என்பதை மறந்துவிட்டு இக்காட்சிகளின் மென்மையைப் புகழ்வது அரைகுறை விமர்சனமாகவே முடியும்.

இனி, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பதினாறு மைல் வீதியை எடுத்துக்கொள்ளலாம். கட்டுகஸ்தோட்டையிற் பாலங் கடந்து, அக்குறணையின் நெருங்கிய கடைத்தெருவைத் தாண்டினால் அலவத்துகொட வரும். அங்கே ஏரியில்லை, மாளிகையில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் மலைவிளிம்பும் இல்லை. பள்ளத்தாக்கில் வயல், மேட்டில் வீடு, வீட்டைச் சுற்றி மிளகும் சாதிக்காயும் பலாவும் கமுகும் மண்டிய தோட்டம், அதற்கப்பால் இன்னொரு மேடு. கண்டி ஏரியும் தலதா மாளிகையும் பேராதனைப் பூந்தோட்டமும் எத்தனையோ சித்திரக்கொப்பிகளில் இடம்பெற்றன. அலவத்துகொட போன்ற ஊர்களோ கடந்து போகப்பட்டன. காட்சி என்று ஒன்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். தொலைவு, நீர், பாழடைந்த கட்டடம், முன்னணியில் ஒரு பெருமரம் ஆகிய நான்கில் இரண்டாவது இருந்தாலன்றிப் பெட்டி திறக்கப்படுவதில்லை.

ஆனால் அவ்வீதி வெறுமையாக இருந்த வீதியன்று. 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடந்து, அங்கிருந்து கண்டிப் பக்கமிருந்த தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் வரலாறு அந்நடைப்பயணத்தோடு பிணைந்தது. தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு சட்டி, இடுப்பிற் குழந்தை: இதுவும் கையடக்கமான பொதிதான். இலேசான பை என்ற சொல்லின் முழுப்பொருளையும் அறிய விரும்புவோர் இம்மூட்டையையும் அந்த வர்ணப்பெட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு பார்க்கும்போது அன்ட்ரூ நிக்கல் முக்கியமான ஒருவராகிறார். 1804இற் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த இவர் 1846இல் இலங்கைக்கு வந்து கொழும்பு அக்கடமியிற் சித்திரம் கற்பித்தார். குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் இவரது புரவலர். 1848இற் காடுகளினூடே ஐந்து வாரம் பயணஞ்செய்து, தம்புள்ளையையும் பழைய தலைநகரங்களின் இடிபாடுகளையும் வரைந்தார். அப்பயணத்தைப் பற்றி 1852இல் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் எழுதினார். டெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் நிக்கலின் சித்திரங்கள் மரச்செதுக்குகளாக இடம்பெற்றன. நிக்கல் தேர்ந்த கலைஞர் என்பதில் ஐயமில்லை. நீர்வர்ணம் காய்ந்தபின் தாளைக் கத்தியாற் சுரண்டி வெண்மையை வெளிக்கொணரும் உத்தி அவருக்குக் கைவந்தது. புல்லின் நுனியிலும் அலையின் விளிம்பிலும் ஒளி அவ்வாறுதான் ஏறுகிறது. வெள்ளை வர்ணம் ஒன்றைக் கூடுதலாகச் சுமக்காமல், இருக்கும் தாளிலிருந்தே வெள்ளையைத் தோண்டியெடுப்பது நடைவரைவுக்கு உகந்த சிக்கனமுமாகும்.

எனினும் அந்த 1848ஆம் ஆண்டு வேறொன்றுக்காகவும் நினைவுகூரப்படுவது. ஜூலை இறுதியிற் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டப்பட்டார், மாத்தளை தாக்கப்பட்டது, இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று, பலர் சுடப்பட்டனர். ஒரே ஆண்டில் ஒரே வழிகளில் ஓவியரும் கிளர்ச்சிக்காரரும் படையினரும் தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளரும் நடமாடினர். ஓவியத்தில் எஞ்சியவை தாதுகோபங்களும் தூண்களும் பெருமரங்களுமே. மனித உருவங்கள், அக்கால நிலக்காட்சி மரபுக்கிணங்க, கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல்களாக நிற்கின்றன. இதற்கு நிக்கலைத் தனியே குறைகூறுவது நியாயமாகாது. புரவலர் ஆட்சியின் செயலாளர், கேட்கப்பட்டது புராதனம், கொடுக்கப்பட்டதும் அதுவே. ஆயினும் அன்றைய ஐரோப்பியப் பயணிகளின் உணவும் கூடாரமும் பெட்டியும் சுமையாட்களின் தலையிலேயே சென்றன என்பதை விமர்சகன் குறித்துக்கொள்ள வேண்டும். ஓவியனின் கையிலிருந்த பொருள் இலேசானதற்கு முழுக் காரணமும் றீவ்ஸின் கண்டுபிடிப்பு அன்று. ஏனைய பாரம் இன்னொருவரிடம் இருந்தது.

1874இல் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்த எட்வர்ட் லியர் சற்று வேறுபட்டவர். அவரது களவரைவுகள் பென்சிற் கோடுகளின்மேல் எழுதப்பட்ட சொற்களால் நிறைந்தவை. இங்கே எந்நிறம், அங்கே எம்மரம், என்ன திகதி, என்ன நேரம் என்பனவெல்லாம் படத்தின்மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். பின்னர் மையினாற் கோடுகளை உறுதிசெய்து வர்ணம் இடுவார். ஒரு வர்ணத்துக்குப் பதிலாக ஒரு சொல்லைச் சுமந்தவர் அவர் எனலாம். முடிந்த எண்ணெய் ஓவியங்களிலும் பார்க்க இவ்வரைவுகள் உயிர்ப்புடையனவாக இன்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நடைவரைவின் திசையை உண்மையில் மாற்றியவர் தமிழர் ஒருவர். 1877இற் கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்த குமாரசுவாமி கலைவிமர்சகராக இந்நாட்டுக்குத் திரும்பியவரல்லர். கற்களை ஆராய வந்தவர். 1900இல் வெளிவந்த அவரது தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியது. பென்சிலின் உள்ளீடான அதே காரீயந்தான். (இந்நாட்டுக் காரீயம் பென்சிலுக்கன்றி, பெரும்பாலும் உலோகம் உருக்கும் மூசைகளுக்காகவே கப்பலேறியது என்பது வேறு கதை.) 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் கண்டிப் பிரதேசமெங்கும் சுற்றியவர் கல்லைத் தேடிச் சென்ற இடங்களிற் கைவினைஞரைக் கண்டார். அதன் விளைவே 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். 1907 செப்ரெம்பரில் தொடங்கிய அதன் கையச்சுவேலை 1908 டிசெம்பரில் முடிவுற்றது.

அந்நூலின் படங்களில் நிலக்காட்சியைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். அங்கே உள்ளவை சீப்பு, பாக்குவெட்டி, பானை, பாய், கதவுப்பூட்டு, தூணின் செதுக்கல், துணியின் கரை. புகைப்படங்களிற் பல அவர் மனைவி எதெல் எடுத்தவை. அவற்றுக்கிடையே கோட்டுச் சித்திரங்கள் வருகின்றன. கண் தொடுவானத்திலிருந்து இறங்கிக் கைக்கு எட்டிய தூரத்துக்கு வந்துவிட்டது. இவ்விறக்கத்தின் பெறுமதியை ஓவிய வரலாற்றாசிரியர் போதியளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு பானையின் வாயை வரைவதற்கு மலையுச்சி தேவையில்லை. பானையைச் செய்பவன் வீட்டுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை போதும். அலவத்துகொடவுக்கு மேற்கிலும் கிழக்கிலும் உள்ள குறிச்சிகள் அத்தகைய பாதைகளாலேயே இணைக்கப்பட்டவை.

கண்டியச் சித்திரகாரரின் கருவிகளைப் பற்றி அந்நூல் தரும் செய்திகள் இங்கு மிகவும் பயனுடையவை. வெள்ளைக்கு மக்குள் என்னும் வெண்களி, சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குக் கொகட்டு மரத்தின் பால் அல்லது அரிதாரம், கருமைக்கு விளக்குக் கரி. தூரிகை செய்வதற்கு ஒருவகைப் புல்லும், விலங்கு மயிரும், தாழை இனத்தின் வேரும் பயன்பட்டன. இவற்றுட் பல ஓவியனின் வீட்டுக்கு அண்மையிலேயே கிடைப்பவை. இலண்டன் வர்ணப்பெட்டி ஒன்று கடல்கடந்து வந்து இறங்குவதற்கு முன்னரே இம்மலைநாட்டில் இலேசான ஓவியப் பை ஒன்று இருந்தது. நடக்கும் வழியே அதன் கடையாகவும் இருந்தது. தெகல்தொறுவ விகாரையின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் வர்ணங்கள் சிலவே, கோடு தயக்கமற்றது, வெற்றிடத்தைப் பூக்கள் நிரப்புகின்றன. தொலைவு என்பது அங்கே இல்லை. அரசனும் வேலைக்காரனும் ஒரே தளத்தில் நிற்கின்றனர். தொலைவுக்காட்சி தெரியாமையால் வந்த குறையென்று இதனைக் கூறிய பழைய கருத்து இன்று நிற்காது. ஒருவரையும் அளவுகோலாக்காத அமைப்பு அது.

குமாரசுவாமியின் நூலுக்கு ஓர் எல்லை உண்டு. அவர் தேடியது குலைவதற்கு முந்திய கிராமத்தை. அதன் கைவினைஞர் சமூகத்தில் வகித்த நிலையை அவர் கரிசனையோடு விளக்குகிறார். அதிற் சாதியமைப்பு பெரிதும் இணக்கமான ஒழுங்காகவே தோற்றமளிக்கின்றது. கிராமத்து வேலிக்கு அப்பால், அவர் நடந்த அதே மலைச்சரிவுகளில், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக லயன்களில் வாழ்ந்த மக்கள் அந்நூலின் பொருளெல்லைக்குள் வரவில்லை. தமிழர் ஒருவர் சிங்களக் கலையைப் போற்றி எழுதியமை பெருமையுடன் பேசப்படுகிறது, பேசப்படவேண்டியதே. அதே பெருமை இவ்விடைவெளியை மூடிவிடக்கூடாது.

அடுத்து நோக்கத்தக்கவர் எல். ரி. பி. மஞ்சுசிறி. 1902இற் பிறந்து, இளமையிலேயே பௌத்த துறவியான இவர் 1930களிற் சாந்திநிகேதனுக்குச் சென்றார். அங்கு சித்திரத்தில் ஈடுபாடு கொண்டு திரும்பியபின் விகாரை விகாரையாகச் சென்று சுவரோவியங்களைப் படியெடுக்கத் தொடங்கினார். 1943இல் உருவான '43 குழு'வின் தொடக்க உறுப்பினருள் ஒருவர். பின்னர் காவியுடையைத் துறந்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாக 1977இல் அவரது படிகள் நூலாயின. 1979இல் மக்சாய்சாய் விருது கிடைத்தது. அவர் படியெடுத்த சுவரோவியங்களிற் பல பின்னர் புதுவர்ணம் பூசப்பட்டும் இடிந்தும் போயின. இன்று அவற்றுக்குச் சாட்சி அவருடைய தாள்களே.

பௌத்த துறவிக்கு உரிய உடைமைகள் எட்டு. அவற்றோடு ஒரு கட்டுத் தாளையும் சில வர்ணங்களையும் சேர்த்துக்கொண்டால் மஞ்சுசிறியின் பை நிறைந்துவிடும். இந்த இலேசு பிறர் தலையில் ஏற்றிவிட்டுப் பெற்ற இலேசு அன்று. வேறுபாடு ஓவியங்களிலேயே தெரிகிறது. படியெடுப்பவனின் கோடு தன்னை முன்னிறுத்தாது. மூல ஓவியனின் கை எங்கே அழுத்தியது, எங்கே எடுத்தது என்பதை அது பின்தொடர்கிறது. இந்நாட்டு நடைவரைவுகளுள் மிக உயர்ந்தவை எவை என்ற வினாவுக்கு நிக்கலின் அழகிய நீர்வர்ணங்களைக் காட்டுவோர் பலர். மஞ்சுசிறியின் படிகளைக் காட்டுவதே பொருத்தமானது. படியெடுத்தல் படைப்பாகாது என்பார் உளர். உரைகாரர்களைப் படைப்பாளிகளாகக் கொண்டாடும் தமிழுலகில் அவ்வாதம் எடுபடாது.

ஆனாலும் மஞ்சுசிறி கோயிற் சுவரைப் பார்த்தவர். கோயிலுக்கு வந்த வழியை வரைவது அவரது நோக்கமாக இருக்கவில்லை. மலையகத்து வழியை மொழி கவனித்த அளவுக்கு ஓவியம் கவனிக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப்புறங்களிற் கேட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலுருப் பெற்றன. காதும் ஒரு கொப்பியும் மட்டும் கொண்டு செய்யப்பட்ட அவ்வேலைக்கு நிகரான கோட்டுவேலை அக்காலத்தில் எழவில்லை. அண்மைக்காலத்தில் ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையக ஓவியர் தோட்டவாழ்வைத் தமது ஆக்கங்களின் பொருளாக்கியுள்ளமை நல்ல அறிகுறி. எனினும் அவை பெரும்பாலும் காட்சிக்கூடத்துக்கெனத் திட்டமிட்டு ஆக்கப்படுபவை. நடந்துகொண்டே எழுதப்படும் குறிப்பின் இயல்பு வேறு.

இன்றைய நிலை என்ன? ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி, இருபத்திரண்டு கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அதன் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள். நீர் நிரப்பிய கைப்பிடியுள்ள தூரிகை, பன்னிரண்டு வில்லைகள் கொண்ட தகரப்பெட்டி, உள்ளங்கையளவு கொப்பி என்பவற்றோடு அதில் நடப்போர் உளர். 2007இல் அமெரிக்காவிற் தொடங்கிய 'நகர வரைவோர்' இயக்கம், கண்முன் இருப்பதை அந்த இடத்திலிருந்தே வரையவேண்டும் என்பதைக் கொள்கையாக உலகெங்கும் பரப்பியுள்ளது. கருவி இப்போது உண்மையாகவே இலேசு, சுமையாள் தேவையில்லை. ஆனால் வரையப்படுபவற்றை நோக்குமிடத்து, மூடுபனி, தேயிலைச் சரிவு, கூடையுடன் குனிந்த ஒரு பெண்ணுருவம் ஆகியவை மீண்டும் மீண்டும் வருகின்றன. லிற்றில்ரன் காலத்து வாய்பாடு கைமாறியிருக்கிறது, அவ்வளவே. கூடைக்குரியவளின் முகம் வரையப்படுவது அரிது. ஐந்து நிமிடத்தில் முகம் வராது என்பது சமாதானமாகாது. ஐந்து நிமிடத்தில் மலை மட்டும் வந்துவிடுகிறதா?

பேராதனை மாணவர் ஒருவர் அத்தகைய பெட்டியோடு அலவத்துகொடவில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் எதிர்ப்படும் இடர் பச்சை. பெட்டியிலுள்ள ஆயத்தப் பச்சை வில்லை அங்கே பயன்படாது. கீழே இஞ்சியும் மஞ்சளும், அதன்மேற் கோப்பியும் கொக்கோவும், மரந்தோறும் மிளகுக் கொடி, அதற்கு மேற் சாதிக்காய், கராம்பு, இன்னும் மேலே பலா, கித்துள், கமுகு. கண்டிய வீட்டுத்தோட்டம் அடுக்கடுக்காக எழுவது. அதற்குத் தொடுவானம் இல்லை. நீலத்தையும் மஞ்சளையும் வெவ்வேறு அளவிற் கலந்து நான்கைந்து பச்சைகளைப் பிரித்தெடுக்கவேண்டும். மழைக்காலப் பிற்பகலில் முதற்பூச்சுக் காயவே காயாது. காயுமுன் அடுத்ததை இட்டால் யாவும் சேறாகும். ஆகவே கமுக மரங்களைத் தீட்டாமல் விட்டுவிட்டு, அவற்றுக்கிடையேயுள்ள இருளை மட்டும் தீட்டுவதே வழி. தாளின் வெள்ளையே மரமாகிவிடும். தெகல்தொறுவ ஓவியன் தொலைவைக் கைவிட்டது போல, இங்கே வரைபவரும் தொலைவைக் கைவிட வேண்டியிருக்கிறது.

அவ்வடுக்குகளின் இரண்டாவதில் நிற்கும் கோப்பி கவனிக்கத்தக்கது. 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் பெருந்தோட்டங்களிற் கோப்பியை அழித்தது. வீட்டுத்தோட்டங்களில் அது தப்பி, நிழலில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அதனைப் பயிரிடவே மன்னாரிலிருந்து மனிதர் நடந்து வந்தனர். அவர்கள் வந்த வீதி தோட்டத்து வேலியின் ஓரமாகவே போகிறது. செடியின் இலை கடும்பச்சை. அதற்கு நீலம் கூடுதலாக வேண்டும். பழத்துக்குச் சாதிலிங்கச் சிவப்பில் தூரிகை நுனியால் ஒரு புள்ளி போதும்.